டிரம்ஸ்காரருக்கு வைத்த வெற்றிலை பாக்கு

ஏலக்காய் ஏலத்தில் பட்டன் அழுத்துவது என் வேலை. போடிநாயக்கனூர் ஏல மையத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இருக்கும். அதில் ஒன்றின் முன்னால், காய் வாங்குகிற என் முதலாளியின் சார்பில் நான் உட்கார்ந்திருப்பேன். போனில் அவர் "போடு" என்றால் அழுத்த வேண்டும், "விடு" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு விரல் போதும். தாளம் என்று என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்படிப்பட்டவன் தலையில் டிரம்ஸ் சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும் வேலை வந்து விழுந்ததற்குக் காரணம், என் தங்கை மகளின் காதுகுத்து.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் அன்றைக்குத் தாய்மாமன்தான் ராஜா. பிள்ளை அவன் மடியில்தான் உட்காரும். அதற்கு முன்னால் அவன் சீர் கொண்டுவர வேண்டும். பழம், துணி, இனிப்பு, பாத்திரம் என்று தட்டுத் தட்டாக, தட்டுக்கு ஓர் ஆளாக, கொட்டு முழக்கத்தோடு ஊர்வலம் வர வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. எத்தனை பேர் வருகிறார்கள் என்றுதான் பெண்ணெடுத்த வீட்டார் ரோட்டில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரியும்.

தங்கைக்குப் பின்னால் நான் இருக்கிறேன். அதோடு சரி. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சித்தப்பா உண்டு. அவரோடு பேசி வருஷக்கணக்காகிறது. சண்டைக்கான காரணம் இரண்டு தரப்புக்கும் மறந்துவிட்டது, கோபம் மட்டும் மறக்கவில்லை. தங்கை வாழ்க்கைப்பட்ட இடமோ நேர் எதிர். மலைக்கு மேலே, இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற பெரிய குடும்பம். அந்த வீட்டில் ஒருவர் தும்மினால் ஜீப்பு நிறைய ஆள் வந்து நலம் விசாரிக்கும்.

தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நீ வீட்லயே பாட்டு போடுறேல்ல? சீருக்கு ஒரு பாட்டு போட்டுக் கொண்டா. எங்கண்ணன் போட்ட பாட்டுன்னு சொல்லிக்கிருவேன். கொட்டுச் சத்தம் நல்லா அதிரணும்ண்ணே. ஆளுதான் இல்ல, சத்தமாவது இருக்கட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மாடியில் என் ஒற்றை அறைதான் ரெக்கார்டிங் அறையும். சுவரில் எதிரொலி வராமல் இருக்க ஏலக்காய்ச் சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். எதிரொலி போனது, தும்மல் வந்தது. என் பழைய பாட்டுகளில் சரணம் முடிகிற இடத்தில் கவனித்துக் கேட்டால் கேட்கும். கீபோர்டு ஓரளவு வாசிப்பேன், குரலும் பரவாயில்லை. டிரம்ஸ் மட்டும் ஆகாது. நிஜ டிரம்ஸ் வாங்கி வைத்தால் கீழே குடியிருக்கிற வீட்டுக்காரர் என்னை மேலேயிருந்து கீழே இறக்கிவிடுவார். ஆகவே சாஃப்ட்வேர்.

விளக்கம் சொல்லும் வீடியோக்கள் பார்த்தேன். "உங்களுக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாதா, கவலையே வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். அடுத்த நிமிஷம் டிரம்ஸ் வாசிப்பவனுக்கு மட்டுமே புரிகிற பாஷையில் இறங்கிவிடுவார்கள். இது வேலைக்காகாது, நமக்குத் தெரிந்த வழியில் போவோம் என்று முடிவு செய்தேன். காய் வாங்குகிறவன் மூட்டையைப் பார்த்தா வாங்குகிறான்? கையில் அள்ளிப்போட்டு, உருட்டி, உடைத்து, மோந்து பார்த்துத்தானே வாங்குகிறான். சில நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று சொன்ன சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன்.

முதலாவது மகா பெரியது. எங்கள் தெரு நெட்டில் அது இறங்கி முடிப்பதற்குள் மலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்துவிட்டது. திறந்ததும் கேள்வி மேல் கேள்வி. மைக்கை எங்கே வைக்கட்டும், தோல் தடிமனா மெலிசா, டிரம்மின் மரம் என்ன மரம். எனக்குத் தெரிந்த மரமெல்லாம் ஏலச்செடிக்கு நிழலுக்கு நிற்கிற மரம். குத்துமதிப்பாக எதையோ அழுத்தினேன். பிறகு ஒரு கட்டம் விரிந்தது. எந்த நேரத்தில் எந்த டிரம்மில் அடி விழ வேண்டுமோ அந்தக் கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டும். வைத்தேன். காலியாக ஒரு கட்டம் தெரிந்தால் மனசு கேட்கவில்லை, அதிலும் வைத்தேன். போட்டுக் கேட்டால் திருவிழாவே வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

என் சிநேகிதன் ஒருவன் குரங்கணிக்கும் மலைத் தோட்டங்களுக்கும் ஜீப்பு ஓட்டுகிறான். முன்பு கச்சேரி செட்டில் டிரம்ஸ் வாசித்தவன். அவனுக்கு அனுப்பி வைத்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தால் ஆளே நேரில் வந்து நின்றான்.

"அண்ணே, இதை அடிக்கிறவனுக்கு எத்தனை கை?"

"ஏண்டா?"

அவன் என் அடுப்படிக்குப் போய் இரண்டு கரண்டியும் ஒரு குண்டானும் எடுத்துவந்து உட்கார்ந்தான். வலது கை இங்கே, இடது கை அங்கே, கால் ரெண்டும் கீழே என்று அடித்துக் காட்டினான். "ரைட்டா? ரெண்டு கையும் சோலியா இருக்கு. இதே நேரத்துல உங்க பாட்டுல இன்னும் மூணு எடத்துல அடி விழுது. அதை யாரு அடிக்கிறா?"

"கம்ப்யூட்டருக்குக் கை எதுக்குடா?"

"கம்ப்யூட்டருக்கு வேணாம்ண்ணே. கேக்குறவனுக்கு வேணும். ஒரு ஆளு அடிக்கிற மாதிரியே இல்ல இது. ஆத்துல பாலம் இடிஞ்சு விழுற மாதிரி இருக்கு."

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். கோபம் ஆறியபிறகு போட்டுக் கேட்டேன். பாவி சொன்னது சரிதான்.

இரண்டாவது சாஃப்ட்வேர் இலவசம், கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது. பிஸ்கட் டின்னைத் தட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியவில்லை. மூன்றாவதில்தான் விஷயம் இருந்தது.

அதில் கட்டம் கிடையாது, புள்ளி கிடையாது, மரம் கிடையாது. திறந்தவுடன் ஆட்கள் வந்தார்கள். படத்தோடு, பெயரோடு, இவர் இன்ன மாதிரி வாசிப்பார் என்று இரண்டு வரிக் குறிப்போடு. எவரோ கற்பனையில் உண்டாக்கின டிரம்ஸ்காரர்கள். நாம் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தால் போதும், பாட்டுக்கேற்ப அவரே வாசித்துக்கொள்வார். மெதுவாகவா பலமாகவா, எளிமையாகவா நுணுக்கமாகவா என்று நாம் இழுத்துவிட ஒரு சின்னப் பொத்தான், அவ்வளவே. தாடி வைத்து, கழுத்து வரை பச்சை குத்தி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒருவரை எடுத்தேன். பொறுப்பானவராகத் தெரிந்தார். வாசிக்கவும் செய்தார். சத்தம் முதல் சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லை. ஆனால் இரண்டு கைக்குள் நின்றது.

பட்டெடுக்கப் போடிக்கு வந்த தங்கை மாடியேறி வந்தபோது திரையில் அவர்தான் இருந்தார்.

"இது யாருண்ணே?"

"இவருதான் அடிக்கிறாரு."

பிறகு உட்கார்ந்து விளக்கமாகவே சொன்னேன். இது சாஃப்ட்வேர், இது படம், ஆள் என்று யாரும் கிடையாது. தலையாட்டிக் கேட்டாள். பாட்டை இரண்டு முறை போடச் சொன்னாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஏலத்துக்குக் காய் கொண்டுவந்த அவள் மாமியார், ஏலம் முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்தார். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை.

"வாங்கத்தை. எனக்கெதுக்கு இதெல்லாம்?"

"ஒனக்கில்ல தம்பி. டிரம்ஸு அடிக்கிறவருக்கு. எங்க அவரு?"

விஷயம் பிறகுதான் தெரிந்தது. உன் வீட்டுப் பக்கம் யார் யார் வருகிறார்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். தங்கை விரல் மடக்கியிருக்கிறாள். அண்ணன் என்று ஒரு விரல். பிறகு, அண்ணனுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவர் ஒருத்தர், வெளியூர்க்காரர், அண்ணனுக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி என்று இன்னொரு விரல்.

"வெளியூரு அத்தை. இங்க இல்ல."

"சொல்லாம கொள்ளாம எப்புடி வருவாரு? மொறையா அழைக்கணும்ல" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டார். திரையில் தாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"லைன்ல இருக்காரா! பாத்தா சேட்டன் மாதிரி இருக்காரே. நெட்டு நின்னுபோச்சோ?"

மலையில் வீடியோ கால் என்றாலே அப்படித்தான். முகம் அசையாமல் நிற்கும், பேச்சு மட்டும் போய்க்கொண்டிருக்கும். பேரன் பேத்தி எல்லோரோடும் அப்படியே பேசிப் பழகியவர் அவர். நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பின் கீபோர்டு மேல் வெற்றிலை பாக்கை வைத்து, பத்திரிகையைத் திரைக்கு நேரே பிடித்துவிட்டார்.

"கேக்குதா? எம் பேத்திக்குக் காதுகுத்து. குரங்கணிக் கோயில்ல. குடும்பத்தோட வந்துரணும். கேக்குதா?"

வெற்றிலையைக் கீழே விழாமல் பிடிக்கப் போன என் கை மவுசில் பட்டது. தாடிக்காரர் தடதடவென்று ஒரு முழக்கம் போட்டு, ஜல்லென்று முடித்தார்.

"ஆங், கேக்குது" என்றார் அத்தை, நிறைவாக. "கறி சாப்புடுவாருல்ல?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவர் வீட்டில் தங்கை பொய்க்காரி. அண்ணனைத் தவிர நாதியில்லாதவள் என்பதும் அதே மூச்சில் ஊர்ஜிதமாகிவிடும். "சாப்பிடுவாரு அத்தை" என்றேன்.

அவர் போனதும் தங்கைக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ண்ணே, படம்னு. அத்தை கேட்டாங்க. ஒன் விரலை மடக்கிட்டு அடுத்த விரலை மடக்க ஆளில்லாம நிக்கிறேன். அப்பத்தான் அந்தத் தாடி ஞாபகம் வந்துச்சு. மடக்கிட்டேன்."



அதன்பின் மலையிலிருந்து செய்தி மேல் செய்தியாக வந்தது. தாடிக்காரர் தங்குவதற்கு எஸ்டேட்டில் ஓர் அறையை வெள்ளையடித்துவிட்டார்கள். அவருக்கு வேட்டி, துண்டு எடுத்தாகிவிட்டது. உயரமானவர் என்பதால் பெரிய வேட்டி. கட்டில் பத்தாது என்று தச்சரை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜீப்புக்காரனிடம் போய் நின்றேன்.

"நீ அவரா வந்து நில்லேன். கூலிங்கிளாஸ் போட்டுக்க."

"கழுத்து வரைக்கும் பச்சை குத்தணுமாண்ணே?"

"சட்டைக் காலரை ஏத்தி விட்டுக்க."

"அண்ணே, அவங்க தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறதே நான்தான். அந்த அம்மா என்னைய தெனமும் 'வெரசா ஓட்டுறா'ன்னு திட்டுது."

காதுகுத்தன்று காலை குரங்கணி போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்குக் கீழே ரோட்டு வளைவில் ஜீப்பு நின்றது. ஜீப்பு நிறையத் தட்டு. தூக்க நானும் ஜீப்புக்காரனும், முதலாளி கடையிலிருந்து என் முகத்துக்காக வந்த கணக்குப்பிள்ளையும். மூன்று பேர் போனால் அது ஊர்வலமா? ஜீப்புக்கு மேல் ஸ்பீக்கரைக் கட்டி லேப்டாப்பை இணைத்துக்கொண்டிருந்தபோது, மாலையும் வேட்டி துண்டு வைத்த தட்டுமாக அத்தை வளைவுக்கே இறங்கி வந்துவிட்டார். தாடிக்காரரை எதிர்கொண்டு அழைக்க.

"எங்க அவரு?"

இனி ஒளிக்க இடமில்லை. "அத்தை, அவரு ஆளில்ல. கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற படம்."

"படமா? நான் அழைச்சப்ப சத்தம் குடுத்தாரே?"

"அது என் கை பட்டுருச்சு."

அத்தை என்னைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். ஜீப்புக்குள் தூக்க ஆளில்லாமல் கிடந்த தட்டுகளைப் பார்த்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அவர் திட்டட்டும், திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். அவர் திரும்பி மேலே பார்த்தார். கோயில் படியில் தங்கை பட்டுச்சேலையோடு, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வளைவுப் பக்கமே பார்த்தபடி நின்றாள். அங்கிருந்து ஜீப்பின் முனைதான் தெரியும், நாங்கள் தெரிய மாட்டோம்.

"காலையிலருந்து அங்கதான் நிக்கிறா" என்றார் அத்தை. "காப்பி கூடக் குடிக்கல."

பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "எல்லாரும் மருமக கண்ணுல படாம, கோயிலுக்குப் பின்னாடி காப்பித்தோட்டத்து வழியா எறங்கி வளைவுக்கு வாங்க. ஆமா, எல்லாரும். வெரசா. செருப்பைத் தேடிக்கிட்டு இருக்காதீங்க."

வந்தார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவில் பட்டுவேட்டிகளும் பட்டுச்சேலைகளும் சறுக்கிச் சறுக்கி இறங்கின. மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், அவர்கள் பிள்ளைகள், எங்கள் மாப்பிள்ளையும்கூட. அத்தை ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக் கையில் கொடுத்தார். பெரியப்பாவுக்கு ஆப்பிள் தட்டு. அவர் அதை வாங்கிக்கொண்டு குழம்பிப்போய்க் கேட்டார்.

"இப்ப நாம குடுக்குறோமா, வாங்குறோமா?"

"இப்பக் குடுக்குறோம். மேல போயி வாங்கிக்குவோம். நடங்க."

வேட்டி துண்டு இருந்த தட்டை அத்தையே தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "ம், பாட்டைப் போடு. ஆளில்லன்னா ஆளில்லன்னு சொல்லணும் தம்பி. வெள்ளையடிச்ச கூலி தெண்டம்."

போட்டேன். பலமாகவா மெதுவாகவா என்கிற பொத்தானைக் கடைசி வரை இழுத்துவிட்டேன். தாடிக்காரர் அன்றைக்கு அடித்த மாதிரி என் அறையில் ஒருநாளும் அடித்ததில்லை.

வளைவு திரும்பியதும் தங்கை கண்ணுக்கு நாங்கள் தெரிந்தோம். முன்னால் நான், பின்னால் அந்த நீளத்துக்கு ஆள். அவள் கை நெற்றியிலிருந்து இறங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டே நெருங்க நெருங்க முகங்கள் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். வாழைப்பழத் தார் சுமந்து வருவது தன் புருஷன் என்று கண்டதும் சிரிப்பு வெடித்துவிட்டது அவளுக்கு, அழுகையும் கூடவே. அவரோ தாரைக் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்று, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்க மச்சான், வாங்க வாங்க." பெரியப்பா தான் கொண்டுவந்த ஆப்பிளைத் தானே பெற்றுக்கொண்டார். தங்கையைத் தவிர ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு சிரத்தையாக நடந்தது.

"இம்புட்டு ஆளாண்ணே" என்றாள் தங்கை, எல்லாம் தெரிந்தும். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி காது குத்தினார். பிள்ளை அழுத அழுகையில் ஸ்பீக்கர் தோற்றது.

பந்தியில் என் பக்கத்தில் ஓர் இலையை ஆள் இல்லாமல் போட்டுப் பரிமாறச் சொன்னார் அத்தை. கேட்டதற்கு, "மொறையா அழைச்சாச்சு. எலை போடாம விடக்கூடாது" என்றார். லேப்டாப் பையை அந்த நாற்காலியில் வைத்தேன். கறியும் சோறும் ஆவி பறக்க அதற்கு முன்னால் இருந்தன. கொஞ்ச நேரம் மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஜீப்புக்காரன், பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். கிளம்பும்போது பெரிய வேட்டியையும் துண்டையும் அத்தை என்னிடம் கொடுத்தார். "அவருக்கு."

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், சும்மா ஓட்டிப் பார்க்கிற நாள் முடிந்துவிட்டது, வாங்குகிறீர்களா இல்லையா என்று கேட்டது. இன்றைக்கும் ஆட்கள் என்னிடம் கேட்பதுண்டு, டிரம்ஸ் தெரியாதவன் எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று. முதலாவதில்தான் சத்தம் நன்றாக இருக்கும், அதையே வாங்குங்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிடுவேன். நான் வாங்கியது மூன்றாவதை. தூசி படாமல் லேப்டாப் மேல் அந்தத் துண்டைப் போட்டு வைத்திருக்கிறேன்.

தங்கை வாரம் தவறாமல் போன் செய்கிறாள். என்ன சாப்பிட்டேன், உடம்பு தேவலையா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் கேட்பாள்.

"அவரு நல்லா இருக்காராண்ணே?"

"இருக்காரு" என்பேன். "ஒன்னைக் கேட்டாரு."